பிராக்: குடைக்குப் பின்னால் ஒரு நாள்

ஐரோப்பாவுக்கு குரூப் டூர் போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஒவ்வொரு ஊரிலும் ஒரு லோக்கல் கைடு வந்து சேர்ந்துகொள்வார். கையில் ஒரு கொடியோ, குச்சியில் கட்டிய ரிப்பனோ, மடக்கிய குடையோ இருக்கும். அது எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் நாமும் போகவேண்டும். பராக்குப் பார்த்துக்கொண்டு நின்றால், ஐந்தாவது நிமிடம் ஏதோ ஒரு கொரியன் குழுவோடு நடந்துகொண்டிருப்போம்.

செக் குடியரசின் தலைநகரான பிராக்கில் எங்கள் 34 பேருக்கும் வாய்த்தது ஒரு நீலக் குடை. அதைப் பிடித்திருந்த அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். குட்டை முடி, தட்டையான ஷூ, வேகமான நடை. நாங்கள் இந்தியர்கள் என்றதும், “உங்கள் தாகூர் இங்கே வந்திருக்கிறார். அவர் பெயரில் ஒரு தெருவே இருக்கிறது” என்றார். பிறகு எங்கள் காதுகளில் மாட்டிவிட்ட ஹெட்போன் வழியாக முதல் எச்சரிக்கை வந்தது: “இன்று நான் சொல்லப்போவதில் பாதி வரலாறு, பாதி கதை. எது எது என்று கூடவே சொல்லிவிடுவேன். கதைதான் அழகாக இருக்கும்.”

கைடுகள் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. பெரும்பாலானவர்கள் இரண்டையும் சேர்த்துக் கலக்கி நம் தலையில் ஊற்றிவிடுவார்கள்.

பஸ் எங்களைக் கோட்டைக்கு மேல் பக்கமாக இறக்கிவிட்டது. இது நல்ல ஏற்பாடு. கோட்டை மலைமேல் இருக்கிறது, நாள் முழுக்க இறங்குமுகமாக நடக்கலாம். முழங்கால் வலிக்காரர்கள் இதை டூர் கம்பெனியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. ஊர் முழுக்கக் கருங்கல் பதித்த தரை, ஹீல்ஸ் செருப்புக்கு இங்கே வேலையே இல்லை.

கோட்டை என்றால் நம் செஞ்சி மாதிரி நினைத்துக்கொள்ளாதீர்கள். அது மதிலுக்குள் ஒரு குட்டி ஊர். ஒன்பதாம் நூற்றாண்டில் தொடங்கி ஒவ்வொரு ராஜாவும் ஏதோ ஒன்றைக் கட்டிச் சேர்த்திருக்கிறார். இன்றைக்கும் ஜனாதிபதியின் அலுவலகம் உள்ளேதான். நடுவில் புனித விட்டஸ் தேவாலயம். 1344-ல் அஸ்திவாரம் போட்டு, 1929-ல் வேலை முடித்திருக்கிறார்கள். “எங்க வீட்டு மாடி போர்ஷன் பரவாயில்லை போலிருக்கே!” என்று கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் சொல்ல, ஹெட்போனில் புரியாத பாஷையில் சிரிப்புச் சத்தம் கேட்ட கைடு அம்மா திரும்பிப் பார்த்தார்.

உள்ளே வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள். அதில் ஒன்று அல்ஃபோன்ஸ் முகா என்ற புகழ்பெற்ற செக் ஓவியருடையது. மற்ற ஜன்னல்கள் துண்டுத் துண்டாக ஒட்டியவை. இது தீட்டிய ஓவியம். நீலமும் பச்சையும் தங்கமுமாக வெயில் உள்ளே இறங்கும்போது வாய் பேச முடியவில்லை. “கீழே பாருங்கள்” என்றார் அவர். ஜன்னலின் அடியில் ஒரு வங்கியின் பெயர்! பண உதவி செய்த ஸ்லாவியா வங்கியாம். நம் கோயில் டியூப் லைட்டில் வெளிச்சத்தையே மறைக்கிற மாதிரி ‘உபயம்’ எழுதியிருப்பார்களே, அந்த வகையறாதான். எல்லா ஊரிலும் மனுஷர்கள் ஒரே மாதிரிதான் இருக்கிறார்கள் போல.

பெயர் என்றதும் அங்கேயே இன்னொரு கதை. கதை இல்லை, இது வரலாறு. பழைய அரண்மனையில் ஒரு ஜன்னல் இருக்கிறது. 1618 மே 23-ம் தேதி, மதச் சண்டையில் கோபம் கொண்ட புராட்டஸ்டன்ட் பிரபுக்கள், சக்கரவர்த்தியின் பிரதிநிதிகள் இரண்டு பேரையும் அவர்களுடைய செயலாளரையும் அந்த ஜன்னல் வழியாகத் தூக்கி எறிந்தார்கள். ஏறக்குறைய 70 அடி உயரம். மூன்று பேருமே பிழைத்துவிட்டார்கள். தேவதைகள் தாங்கிப் பிடித்தார்கள் என்றது கத்தோலிக்கர் தரப்பு. குப்பைமேட்டில் விழுந்தார்கள் என்றது எதிர்த்தரப்பு. சக்கரவர்த்தி பிற்பாடு அந்தச் செயலாளருக்குப் பிரபுப் பட்டம் கொடுத்தார். என்ன பட்டம் தெரியுமா? ‘ஹோஹன்ஃபால்’. ‘உசரத்திலிருந்து விழுந்தவர்’ என்று ஏறக்குறைய அர்த்தம். நாங்கள் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, “இதில் தொடங்கியதுதான் முப்பதாண்டுப் போர். ஐரோப்பாவில் லட்சக்கணக்கில் செத்தார்கள்” என்று சொல்லிக் குடையைத் தூக்கிவிட்டார்.

மலையிலிருந்து இறங்கும் நெருதோவா தெரு எனக்கு ரொம்பப் பிடித்தது. 1770-ல் வீடுகளுக்கு எண் போடும்வரை இங்கே வாசலுக்கு மேல் ஒரு சின்னம்தான் விலாசம். மூன்று வயலின், இரண்டு சூரியன், தங்கச் சாவி. அந்தச் சின்னங்களை இன்னும் அப்படியே வைத்திருக்கிறார்கள். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தபடியே இறங்கினோம்.

அடுத்து சார்லஸ் பாலம். நான்காம் சார்லஸ் மன்னர் 1357-ல் அடிக்கல் நாட்டியது. வல்டாவா ஆற்றின்மேல் 516 மீட்டர், இரண்டு பக்கமும் 30 சிலைகள். சாந்தில் கோழிமுட்டை கலந்து கட்டினார்கள் என்பது கதைக் கணக்கில். கூட்டம் தி.நகர் ரங்கநாதன் தெருவைத் தோற்கடிக்கும். பர்ஸ் பத்திரம். எல்லோரும் வரிசை கட்டி நிற்பது நெபோமுக் என்ற பாதிரியாரின் சிலை முன்னால். அடியில் உள்ள வெண்கலத் தகட்டைத் தொட்டால் நினைத்தது நடக்குமாம். தொட்டுத் தொட்டுத் தங்கம் மாதிரி பளபளக்கிறது. 1393-ல் மன்னர் இவரை இந்த ஆற்றில் தள்ளிக் கொல்லச் செய்தார். அது நிஜம். ராணி பாவமன்னிப்பில் சொன்ன ரகசியத்தை இவர் சொல்ல மறுத்தார் என்பது கதை. மடத்துக்கு யாரைத் தலைவராக்குவது என்ற அதிகாரத் தகராறுதான் காரணம் என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். எங்கள் குழுவில் ஒருத்தர் பாக்கியில்லாமல் தகட்டைத் தொட்டோம். நம்பிக்கை வேறு, வரலாறு வேறு.

மத்தியானச் சாப்பாடு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சைவர்களுக்கு அங்கே ஒரே புகலிடம், பிரெட் தூள் தடவிப் பொரித்த சீஸும் உருளைக்கிழங்கும். தெருவுக்குத் தெரு, தடியில் சுற்றிச் சுட்ட சர்க்கரை ரொட்டியை ‘பழங்கால போஹீமியப் பண்டம்’ என்று போர்டு வைத்து விற்கிறார்கள். “என் சின்ன வயதில் இந்த ஊரில் நான் இதைப் பார்த்ததே இல்லை” என்றார் கைடு அம்மா. ருசியாகத்தான் இருந்தது.

மணி இரண்டாக ஐந்து நிமிடம் இருக்கும்போது பழைய நகரச் சதுக்கத்தில் வானியல் கடிகாரத்தின் முன்னால் நிறுத்தினார். 1410-ல் செய்தது, இன்னும் ஓடுகிறது. மணி அடிக்கும் நேரம் ஒரு எலும்புக்கூடு கயிற்றை இழுக்கும், மேலே ஜன்னல் திறந்து சீடர்கள் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள், கடைசியில் சேவல் கூவும். அவ்வளவுதான், ஒரு நிமிடம்கூட இல்லை. நூற்றுக்கணக்கான செல்போன்கள் ஒரே சமயத்தில் இறங்கின.

இந்தக் கடிகாரத்தை ஹனுஷ் என்பவர் செய்தார், வேறு ஊருக்கு இதே மாதிரி செய்து கொடுத்துவிடக் கூடாது என்று அவர் கண்ணைக் குருடாக்கிவிட்டார்கள் என்பதுதான் எல்லா கைடுகளும் சொல்லும் கதை. எங்கள் அம்மாவும் சொன்னார், ரசித்து ரசித்து. பிறகு, “யார் கண்ணையும் யாரும் பிடுங்கவில்லை. செய்தவர் காடான் ஊர் மிக்குலாஷ். பல நூறு வருஷம் அவர் பெயரே மறந்துபோயிருந்தது. பழைய ஆவணத்தைத் தேடி எடுத்துச் சென்ற நூற்றாண்டில்தான் திருத்தினார்கள்” என்றார்.

கடிகாரத்துக்குப் பக்கவாட்டில், தரைக் கற்களில் 27 வெள்ளைச் சிலுவைகள். அநேகம் பேர் அதன்மேல் நின்றுதான் செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள். ஜன்னல் சம்பவத்தில் தொடங்கிய கலகம் தோற்ற பிறகு, 1621 ஜூன் 21 அன்று 27 தலைவர்களுக்கு இங்கே மரண தண்டனை. அவர்களில் 12 பேரின் தலைகளைப் பத்து வருஷம் பாலத்துக் கோபுரத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். நாங்கள் காலையில் சிரித்த கதையின் முடிவு இது. 27 பெயர்களும் நகர மன்றச் சுவரில் இருக்கின்றன.

இத்துடன் புரோகிராம்படி ‘சைட் சீயிங்’ முடிந்தது. அடுத்த இரண்டரை மணி நேரம் ஷாப்பிங். யூதர்கள் வாழ்ந்த யோசெஃபோவ் பகுதியை ‘வெளியிலிருந்து பார்த்தல்’ என்று அச்சடித்திருந்தார்கள். உள்ளே போக தனி டிக்கெட், பேக்கேஜில் கிடையாது. “நான் கூட வருகிறேன். விருப்பப்பட்டவர்கள் டிக்கெட் மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்” என்றார் கைடு அம்மா.

ஒரு சின்னச் சலசலப்பு. சேலத்திலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வாய்விட்டே சொன்னார்: “இவ்ளோ செலவு பண்ணி லீவுல வந்து, சாவு வீட்டையா போய்ப் பார்க்கணும்? பேரப்பசங்களுக்கு கிரிஸ்டல் வாங்கணும்மா.” அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயுசுக்கு ஒருமுறை வருகிறோம். ஆனால் அவர் மனைவி, அதுவரை அவர் பின்னாலேயே அமைதியாக வந்துகொண்டிருந்த டீச்சரம்மா, “நீங்க கடைக்குப் போயிட்டு வாங்க. நான் இவங்களோட பார்த்துட்டு வரேன்” என்றார். கடைசியில் ஒன்பது பேர் தேறினோம்.

சதுக்கத்திலிருந்து அங்கே போகும் பாரிஸ் வீதியில், கண்ணாடிக்குப் பின்னால் லட்ச ரூபாய் கைப்பைகள் வரிசை. இந்தத் தெருவே பழைய யூதச் சேரியை இடித்துப் போட்டதுதான். 1893-ல் தொடங்கி இருபது வருஷம் இடித்தார்கள். மிஞ்சியவை ஆறு ஜெப ஆலயங்களும், அவர்களின் நகர மன்றமும், ஒரு கல்லறைத் தோட்டமும்.

அந்தத் தோட்டத்தைப் பார்த்தால் பல் வரிசை கலைந்த வாய் மாதிரி இருக்கிறது. சாய்ந்தும் முட்டிக்கொண்டும் சுமார் 12,000 கற்கள். யூதர்களுக்கு வேறு இடம் தரப்படவில்லை. அதனால் மண்ணைக் கொட்டிக் கொட்டி அடுக்கடுக்காகப் புதைத்தார்கள். இருக்கும் கற்களில் பழையது 1439-ம் வருஷத்தது. 1787 வரை இங்கே அடக்கம் செய்திருக்கிறார்கள். பூ வைப்பதில்லை, கல்மேல் ஒரு கூழாங்கல் வைக்கிறார்கள்.

ஒட்டினாற்போல் பிங்காஸ் ஜெப ஆலயம். உள்ளே சிலை இல்லை, படம் இல்லை, அலங்காரம் எதுவும் இல்லை. சுவர் முழுக்க, தரையிலிருந்து வளைவு வரை, கையால் எழுதிய பெயர்கள். குடும்பப் பெயர் சிவப்பில், ஆள் பெயர் கறுப்பில். தூரத்திலிருந்து பார்த்தால் சுவருக்கு ஏதோ டிசைன் போட்டிருக்கிறார்கள் என்றுதான் தோன்றும். கிட்டே போனால் எழுத்து. போஹீமியா, மொராவியா பகுதிகளிலிருந்து நாஜிக்கள் கொண்டுபோய்க் கொன்ற ஏறக்குறைய 78,000 யூதர்கள், ஊர் வாரியாக, குடும்பம் குடும்பமாக. எழுத்தாளர் காஃப்கா இந்த ஊர்க்காரர். அவர் 1924-லேயே காசநோயில் போய்விட்டார். அவருடைய மூன்று தங்கைகளும் இந்தக் கொலைகளில் முடிந்துபோனார்கள்.

ஹெட்போனில் கைடு அம்மா எதுவும் பேசவில்லை. அதுவே எங்களுக்குப் பழக்கமில்லாததாக இருந்தது.

டீச்சரம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒரு மூலையில் நின்று படித்துக்கொண்டே போனார். பிறகு என்னைக் கூப்பிட்டார். “ஒவ்வொரு பேருக்கும் ரெண்டு தேதி இருக்கே. முதல்ல இருக்கறது பிறந்த தேதி. ரெண்டாவது செத்த தேதியா? இங்க பாருங்க, ஒரே குடும்பத்துல நாலு பேருக்கும் ஒரே தேதி.”

நான் கைடு அம்மாவிடம் கேட்டேன். அது இறந்த தேதி இல்லை என்றார். பெரும்பாலும் ரயிலில் ஏற்றி அனுப்பிய தேதி. அதற்குப் பிறகு அவர்களைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. கடைசியாகத் தெரிந்த நாள் அது.

“அப்போ திதி கொடுக்கக்கூட நாள் தெரியாதா?” என்றார் டீச்சரம்மா.

திதியை நான் எப்படி ஆங்கிலத்தில் சொல்வது? வருஷா வருஷம் இறந்த நாளில் வீட்டார் செய்வது என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன். கைடு அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. யூதர்களிடமும் அப்படி உண்டாம். அந்த நாளில் விளக்கேற்றி, மகன் பிரார்த்தனை சொல்லவேண்டும். நாளும் தெரியாது, சொல்ல மகனும் இல்லை என்பதால், வசந்த காலத்தில் ஒரு நினைவு நாள் வைத்து, பிராக்கில் பொது இடத்தில் நின்று பெயர்களை உரக்கப் படிக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் வந்து ஒரு தாள் படிக்கலாம்.

மாடியில் குழந்தைகள் வரைந்த படங்கள். பிராக்கிலிருந்து வடக்கே 60 கிலோமீட்டரில் டெரெசின் என்ற ஊரையே நாஜிக்கள் கொட்டடியாக்கி வைத்திருந்தார்கள். அங்கே அடைபட்ட ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்ற ஓவியர் குழந்தைகளுக்கு வரையச் சொல்லிக் கொடுத்தார். வீடு, பூந்தொட்டி, பட்டாம்பூச்சி. ஒவ்வொரு படத்திலும் பெயர் எழுதச் சொன்னார். 1944 அக்டோபரில் அவரையும் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். அதற்கு முன்னால் சுமார் 4,500 படங்களை இரண்டு சூட்கேஸில் வைத்து மறைத்துவிட்டார். படங்கள் திரும்பின, அவர் திரும்பவில்லை. வரைந்த குழந்தைகளில் மிகப் பலரும் திரும்பவில்லை.

கீழே இறங்கியதும் கைடு அம்மா ஒரு விஷயம் சொன்னார். இப்போது பார்த்த எழுத்து இரண்டாம் முறை எழுதியதாம். முதலில் 1954-லிருந்து 1959 வரை இரண்டு ஓவியர்கள் பொறுப்பில் எழுதினார்கள். 1968-ல் அடியில் தண்ணீர் ஊறுகிறது என்று ஆலயத்தை மூடினார்கள். செப்பனிடுகிறோம் என்று சொல்லிச் சுவர் எழுத்தெல்லாம் போயிற்று. கம்யூனிஸ்ட் அரசு இருபது வருஷத்துக்கு மேல் திறக்கவே இல்லை. ஆட்சி மாறிய பிறகு 1992-லிருந்து 1996 வரை உட்கார்ந்து மறுபடி ஒவ்வொரு பெயராக எழுதினார்கள். 2002 வெள்ளத்தில் கீழ் வரிசைகள் கெட்டுப்போக, அதையும் திருத்தி எழுதினார்கள்.

“நான் இந்த ஊரிலேயே பள்ளிக்கூடம் படித்தவள். இப்படி ஒரு சுவர் இருந்ததே எனக்கு முப்பது வயது வரை தெரியாது” என்றார்.

அவருக்கு அன்றைய வேலை நேரம் முடிந்திருந்தது. ஆனாலும் எங்களுடன் மெட்ரோவில் வென்செஸ்லாஸ் சதுக்கம் வரை வந்தார். மியூசியத்துக்கு முன்னால், நடைபாதையில் ஒரு வெண்கலச் சிலுவை தரையைப் புடைத்துக்கொண்டு எழும்புகிறது. 1968 ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் இந்த நாட்டுக்குள் நுழைந்தன. மக்கள் சோர்ந்து அடங்கிப்போவதைப் பொறுக்க முடியாமல், 1969 ஜனவரி 16-ம் தேதி யான் பலாக் என்ற 20 வயது மாணவர் இங்கே தீக்குளித்தார். மூன்றாம் நாள் உயிர் போயிற்று. அடுத்த மாதம் இன்னொரு மாணவர், 18 வயது. ஒரு தாயாக எனக்கு அந்த முடிவை வியந்து பேச வரவில்லை. பிறகு நடந்ததுதான் என்னை உலுக்கியது. பலாக் கல்லறைக்கு ஜனங்கள் பூ வைக்க வந்துகொண்டே இருந்ததால், 1973-ல் ரகசிய போலீஸ் உடலைத் தோண்டி எடுத்து எரித்து, அஸ்தியை அம்மாவுக்கு அனுப்பிவிட்டது. அந்த இடத்தில் சம்பந்தமே இல்லாத ஒரு பாட்டியைப் புதைத்து, அந்தப் பாட்டி பெயரில் கல்லும் வைத்தார்கள். 1990-ல்தான் அஸ்தி திரும்ப அதே இடத்துக்கு வந்தது. இன்று அவர் படித்த கல்லூரி முன்னாலுள்ள சதுக்கத்துக்கு அவர் பெயர். அதற்கு முன் அதன் பெயர் செஞ்சேனைச் சதுக்கம்.

1989 நவம்பரில் இதே சதுக்கத்தில் லட்சக்கணக்கானவர்கள் கூடி, சாவிக்கொத்துகளைக் குலுக்கிச் சத்தம் எழுப்பினார்கள். ‘மணி அடித்துவிட்டது, கிளம்புங்கள்’ என்று ஆட்சிக்குச் சொன்னார்களாம். கைடு அம்மாவும் அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கிறார். பையிலிருந்து சாவியை எடுத்து ஒருமுறை ஆட்டிக் காட்டினார்.

சதுக்கத்தின் கீழ்முனையில்தான் எங்கள் பஸ்காரர்கள் கூடவேண்டும். நடந்துகொண்டே கடைசியாக ஒன்று சொன்னார். 2020-ல் இந்தப் பகுதியில் நடைபாதையைப் பெயர்த்துப் புதுப்பித்தபோது, சில கற்களின் அடிப்பக்கம் வழவழவென்று இருந்திருக்கிறது. திருப்பினால் ஹீப்ரூ எழுத்து, தேதிகள். யூதர்களின் கல்லறைக் கற்களை வெட்டி, 1980-களில் தெருவுக்குப் பதித்திருக்கிறார்கள். அவற்றை யூத சமூகத்திடம் ஒப்படைத்துவிட்டார்கள். சொல்லிவிட்டு, குடையை மடக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, கை குலுக்கிவிட்டு மெட்ரோ படியில் இறங்கிவிட்டார்.

தலைமையாசிரியர் கிரிஸ்டல் பையுடன் காத்திருந்தார். “என்ன பார்த்தீங்க?” என்று கேட்டார். டீச்சரம்மா, “ரூமுக்குப் போய்ச் சொல்றேன்” என்றார்.

பிராக் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். யூத அருங்காட்சியக இடங்கள் சனிக்கிழமையும் யூதப் பண்டிகை நாட்களிலும் மூடியிருக்கும், தேதி பார்த்துக்கொள்ளுங்கள். பிங்காஸுக்கு மட்டும் ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். கல்லறைத் தோட்டத்துக்கும் அங்கிருந்தே போகலாம். ஜெப ஆலயத்துக்குள் ஆண்கள் தலையை மூடிக்கொள்ளவேண்டும். இந்த நாட்டில் யூரோ கிடையாது, கொருனாதான். தெருவில் பணம் மாற்றித் தருகிறேன் என்று வருபவரிடம் பேச்சே கொடுக்காதீர்கள். கோட்டைக்கு ஏற முடியாதவர்களுக்கு 22-ம் நம்பர் டிராம் இருக்கிறது.

அடுத்த வாரம் வியன்னா.